மடிப்பறை மஞ்சள் டீ

எழுபத்தொன்றரை.

மேடம் மூன்றாவது தடவை எண்ணி முடித்தபோதும் அதே எழுபத்தொன்றரைதான் வந்தது. சமையல் மேடைமேல் ஒரு வெள்ளைத் தட்டு, தட்டில் மாத்திரைகள், அதற்கு மேலே எங்கள் மேடத்தின் மூக்கு. துப்பறியும் தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'ஊசி' என்று பெயர். ஒல்லியாக இருப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை. எனக்கு 'ரம்பம்' என்று பெயர். காரணத்தை நான் சொல்ல வேண்டாம், இரண்டு பக்கம் தள்ளினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

"எத்தனை தடவை எண்ணினாலும் அது குட்டி போடாது மேடம்," என்றேன்.

"நூறு மாத்திரை டப்பா. முட்டியில அடிபட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்குப் பிரிச்சது. ஒரு நாளைக்கு ஒன்றரை. பத்தொன்பது நாள். எவ்வளவு?"

"இருபத்தெட்டரை."

"மீதி?"

"உங்க தட்டுல இருக்கறதுதான். அந்த அரை மாத்திரையைக்கூட பத்திரமா டப்பாவுல எடுத்து வச்சிருக்காங்க. கொலை பண்ண நினைக்கறவங்க பாதி மாத்திரைய மிச்சம் பிடிப்பாங்களா?"

"வாயை மூடு ரம்பம். அவங்க இங்கதான் இருக்காங்க."

இருந்தாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் அந்த மருமகள். எங்களை வேலைக்கு அமர்த்தியவள் அவள்தான். வயது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். பதினோரு நாளாகத் தலை சீவவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய மாமியாருக்கு அறுபத்தோரு வயது. பெரிய சலவை ஆலை ஒன்றில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. ஆலைப் படிக்கட்டில் சறுக்கி முட்டி பிசகியதால் வீட்டோடு இருந்தார். பத்தொன்பது நாள் மருமகள்தான் கையால் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இருபதாவது நாள் காலையில் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். மூளைக்குள் ரத்தக்கசிவு. ரத்தம் தண்ணீராக இருக்கிறது, மாத்திரை அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

யார் கொடுத்தது? மருமகள். அப்புறம் கேட்கவா வேண்டும்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். அன்று சாயங்காலமே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பட்டியல் இருக்கிறது. மகன் எழுதிக் கொடுத்த பெயர்களைத்தான் உள்ளே விடுவார்கள். அதில் இவள் பெயர் இல்லை. இன்று நாலு மணிக்கு மூச்சுக் கருவியை எடுத்துவிடப் போகிறார்கள். இப்போது மணி பத்தரை.

"எனக்கு ஜெயிலைப் பத்திக்கூட ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள். "அத்தையை ஒரு தடவை பாக்கணும். அவங்க கையைப் பிடிச்சு, நான் எதுவும் பண்ணலன்னு சொல்லணும். அவங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லணும். அவரு நம்பினாத்தான் என்னை உள்ள விடுவாரு."

இந்த மாதிரி வழக்குகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஜெயித்தாலும் போன உயிர் திரும்பாது. மேடத்திடம் முதல் நாளே சொன்னேன், கேட்கவில்லை.

"வெளியில வேற எங்கேயாவது மாத்திரை வாங்கியிருக்கலாமேன்னு போலீஸ் கேப்பாங்க," என்று மெதுவாகச் சொன்னேன்.

"சீட்டு இல்லாம யாரும் தரமாட்டாங்க. நேத்து ஒன்பது கடை ஏறி இறங்கினது நீதானே?"

"என் கால் இன்னும் அதையேதான் சொல்லுது."

மேடம் மருமகள் பக்கம் திரும்பினார். "வலி மாத்திரை எதாவது?"

"டாக்டரே கூடாதுன்னுட்டார். ஐஸ் ஒத்தடம், கட்டு. அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டம்மா ஒரு சண்டையைப் பத்திச் சொல்லியிருக்காங்க. 'கொடுக்க மாட்டியா, நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதியா'ன்னு உங்க அத்தை கத்தினாங்களாம்."

"டீ சண்டை மேடம். அவங்க கேட்ட மாதிரி நான் போட்டுத் தரல. படுத்துக் கிடந்தா யாருக்குத்தான் எரிச்சல் வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடி நாங்க ரெண்டு பேரும் நாயும் பூனையுமாத்தான் இருந்தோம், மறைக்கல. ஆனா இந்த வருஷம் அப்படி இல்ல. வேலை முடிஞ்சு வந்து என் பக்கத்துல உட்காந்து காய் நறுக்குவாங்க. நான் அம்மா வீட்டுக்குப் போகவே மறந்துட்டேன்."

டீக்காக ஒரு சண்டை. எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். மேடமும் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கை அதற்குள் மாமியாரின் ரத்தப் பரிசோதனை நோட்டுக்குப் போயிருந்தது. நீல அட்டை போட்ட சின்ன நோட்டு. தேதி, ரத்தம் உறைகிற வேகத்துக்கு ஓர் எண், எத்தனை மாத்திரை என்று மூன்று கட்டம், ஓரத்தில் கிளினிக்கில் எழுதும் குறிப்பு. எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் கசியும்.

"படி," என்றார்.

"ஆறு வருஷமா ஒரே பாட்டு மேடம். எண் மூணு, மாத்திரை ஒண்ணு. எண் மூணு, மாத்திரை ஒண்ணு. தூக்கம் வருது. ஆங், பத்து மாசத்துக்கு முன்னாடி எண் ரெண்டுக்குக் கீழே இறங்கியிருக்கு. மாத்திரை ஒன்றேகால் ஆக்கியிருக்காங்க. அப்பவும் ஏறல. ஒன்றரை. அப்புறம் மூணுல நிக்குது."

"நின்னுட்டே இருக்கா?"

"நடுவுல ஒரே ஒரு தடவை நாலே முக்காலுக்கு எகிறியிருக்கு. உடனே மாத்திரையைக் குறைச்சிருக்காங்க. அடுத்த மாசம் பார்த்தா மறுபடி ரெண்டுக்குக் கீழே. திரும்ப ஒன்றரை. கடைசியா முட்டி அடிபடறதுக்கு நாலு நாள் முன்னாடி, மூணு. 'நன்று, ஆறு வாரம் கழித்து வரவும்'னு எழுதியிருக்கு. ஆறு வாரம் வரலை பாவம்."

"அந்த நாலே முக்கால் என்ன தேதி?"

சொன்னேன். மேடம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே ஆலை கொடுத்த காலண்டர் தொங்கியது. தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு மாதத்தில் பன்னிரண்டு நாள்களைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் அச்சடித்திருந்தது. 'கொதிகலன் சோதனை, ஆலை விடுமுறை.' எண் எகிறிய தேதி, கட்டம் முடிந்த மறுநாள்.

"வேலைக்குப் போனா எண் இறங்குது. வீட்ல இருந்தா ஏறுது," என்றார் மேடம்.

"வேலை செஞ்சா ரத்தம் கெட்டியாகும் போல. அப்ப என் ரத்தம் இந்நேரம் தண்ணிதான்."

"வண்டியை எடு. இந்த வீட்ல தேடறதுக்கு ஒண்ணும் இல்ல."

மருமகள் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் பதினோரு நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும், நம்பிக்கை வந்துவிட்டதே பாவிக்கு என்று இருந்தது.

* * *

ஆலையின் மடிப்பறை நீளமாக இருந்தது. கூரையில் நீராவி, சுவரெல்லாம் ஈரம். இருபது பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து, கையோடு கை சேர்த்து முனையைக் கொடுத்து, மறுபடி பின்னால் போகிறார்கள். இயந்திரச் சத்தத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. எனக்கெல்லாம் இந்த வேலை ஒரு மணி நேரம் தாங்காது.

ஓரத்தில் ஒரு அம்மா மட்டும் தனியாக. விரிப்பின் மறுமுனையை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒற்றை ஆளாக மடித்துக்கொண்டிருந்தார். பருமனான உடம்பு, ஆவி படிந்த கண்ணாடி.

"அவங்கதான் ஜோடி," என்றார் மேஸ்திரி. "வேற ஆள் தர்றேன்னா வேண்டாங்கறாங்க. அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுங்க, வேலை கெடுது."

ஜோடியம்மாவை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்தோம். வந்த உடனே அழ ஆரம்பித்துவிட்டார்.

"பதினாலு வருஷம்மா. என் புருஷன்கூட அவ்வளவு வருஷம் என் மூஞ்சியைப் பாத்திருக்க மாட்டாரு. அந்த மருமக இப்படிப் பண்ணிட்டாளே."

"அவங்க பண்ணல," என்றார் மேடம். "வேலை நேரத்துல உங்க ஜோடி என்ன சாப்பிடுவாங்க?"

"என்ன சாப்பிடறது, டீயும் பிஸ்கட்டும்தான். இங்க ஒரு வழக்கம் உண்டு. ஜோடிக்கு ஒரு ஃபிளாஸ்க். டீ ஒருத்தி கொண்டு வரணும், பிஸ்கட் ஒருத்தி. டீ என்னுது. பத்து மணிக்கு ஒரு கப், மூணு மணிக்கு ஒரு கப்."

"என்ன டீ?"

அந்த அம்மா தயங்கினார். நான் பேசப் போனேன், மேடம் என் காலை மிதித்தார்.

"போன வருஷம் என் வீட்டுக்காரர் தவறிட்டாரு," என்றார் ஜோடியம்மா. "சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. மூலிகைக் கடைக்காரர் ஒரு மஞ்சப் பூ குடுத்தாரு, காயவச்சது. கொதிக்க வச்சுக் குடிம்மா, மனசு லேசாகும்னாரு. ஃபிளாஸ்க் ஒண்ணுதானே? எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு டீயா போட முடியும்? அவளும் அதையே குடிச்சா."

"எப்போலேர்ந்து?"

"பத்து, பதினோரு மாசம் இருக்கும்."

எனக்குத் தலைமுடி நட்டுக்கொண்டது. பத்து மாதம்! நோட்டில் எண் ஆட்டம் போட ஆரம்பித்த அதே நேரம்.

"முதல்ல கசப்பா இருக்குன்னு மூஞ்சியைச் சுளிச்சா. அப்புறம் அவளே கேக்க ஆரம்பிச்சுட்டா. 'இதைக் குடிச்சிட்டுப் போனா வீட்ல யார் மேலயும் எரிஞ்சு விழறதில்லடி, மருமக என்கிட்ட சிரிச்சுப் பேசறா'ன்னா. அதுக்காகவே ஒரு வாய் விடாம குடிப்பா."

"கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் மூலிகை எதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டிருக்காங்க. நோட்டுல 'இல்லை'ன்னு இருக்கு," என்றார் மேடம்.

"அது டீதானேம்மா? டீயைப் போய் யாராவது மூலிகைன்னு சொல்லுவாங்களா?"

அவர் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே காய்ந்த மஞ்சள் பூ. ஒட்டியிருந்த சீட்டில் பொடி எழுத்தில் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்று போட்டிருந்தது. மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "முடிஞ்சுது மேடம்! பிடிச்சாச்சு! டீதான் விஷம். மருமகளுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நாலு மணிக்குள்ள போயிடலாம்."

ஜோடியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, நானா? நானா குடுத்தேன்?"

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு மேடம் கிளினிக் மருந்தாளுநருக்குப் போன் போட்டார். அவர் இந்த வாரத்தில் எங்களை இரண்டு தடவை திட்டி அனுப்பியவர். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மறுபடி நீங்களா? நான் மருந்து குடுக்கறதா, உங்களுக்கு வகுப்பு எடுக்கறதா?"

"ஒரே கேள்வி சார். வார்ஃபரின் சாப்பிடறவங்க செயின்ட் ஜான்ஸ் வோர்ட் குடிச்சா ரத்தம் தண்ணியாகுமா?"

"தலைகீழ்ம்மா. அந்தப் பூ ஈரலை முடுக்கி விட்டுடும். மாத்திரை உள்ள போனதும் சீக்கிரமா கரைச்சு வெளிய தள்ளிடும். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். எண் இறங்கும், ஏறாது."

என் கொண்டாட்டம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. டீயால் ரத்தம் தண்ணீராகாதாம். அப்படியென்றால் மறுபடி மருமகள்தானா? போன தடவை இந்த மனுஷன் எங்களைத் திட்டியபோதே நான் பதிலுக்குத் திட்டியிருக்க வேண்டும்.

ஆனால் மேடம் போனை வைக்கவில்லை.

"சார், அவங்க அதைக் குடிக்கறது தெரியாம, எண் இறங்குதுன்னு நீங்க மாத்திரையை ஒன்றரை ஆக்கிட்டீங்க. சரியா இருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் அந்த டீயை நிறுத்திட்டா?"

அந்தப் பக்கம் கவுன்ட்டரில் யாரோ மருந்து கேட்பது மட்டும் கேட்டது.

"சார்?"

"ஈரல் பழைய நிலைக்கு வர ரெண்டு வாரம் ஆகும்," என்றார் அவர். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "மாத்திரை முழுசா உள்ள தங்கும். ஒன்றரை மாத்திரைங்கறது அப்ப அவங்களுக்கு ரொம்ப அதிகம். நிறுத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லியிருந்தா வாரா வாரம் பாத்து மெதுவா இறக்கியிருப்போம். எத்தனை நாள் நிறுத்தினாங்க?"

"பத்தொன்பது."

"அடக் கடவுளே," என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் ஆலை மூடியபோது எண் எகிறியதும் அதனால்தான். பதினோரு நாளாக நாங்கள் அந்த அம்மாவின் வாய்க்குள் என்ன போனது என்றே தேடிக்கொண்டிருந்தோம். என்ன போகவில்லை என்று யாருமே தேடவில்லை. டாக்டர்களும்தான், போலீஸும்தான், நானும்தான்.

"அப்ப யார் மேலயும் தப்பில்ல மேடம்," என்றேன். "முட்டி பிசகினதுதான் தப்பு. வேலைக்கு வரல, டீ நின்னுடுச்சு. விதி. இதை எழுதிக் குடுத்தா மகன் நம்பித்தான் ஆகணும்."

அப்போதுதான் ஜோடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏன்மா நின்னுச்சு? நான்தான் மூணாவது நாளே ஒரு பொட்டலம் குடுத்து அனுப்பினேனே. ஆலை வேன் டிரைவர்கிட்ட. மருமக கையிலயே குடுத்துட்டேன்னு வந்து சொன்னானே."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். டீ சண்டை.

* * *

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியை இரண்டு சிக்னலில் தேவையில்லாமல் நிறுத்தினேன். மேடத்துக்குப் புரிந்தது.

"நமக்கு எதுக்கு மேடம் அந்தப் பொட்டலம்?" என்றேன். "அதிகமா மாத்திரை குடுக்கலன்னு நிரூபிச்சாச்சு. மருந்தாளுநர் எழுதித் தர்றேன்னு மெசேஜ் போட்டுட்டார். அதோட விட்டுடுங்க. அவங்க உள்ள போய் ஒரு தடவை பாத்துட்டு வரட்டும்."

"வேணும்னே நிறுத்தியிருந்தா?"

"அந்தப் பூவைப் பத்தி டாக்டருக்கே தெரியல. இவங்களுக்கு எங்க தெரியும்?"

"தெரியாதுன்னு நினைக்கறேன். கேக்காம விட்டா, நினைச்சதாத்தான் இருக்கும். அந்தப் பையன் நாளைக்கு அந்த ஜோடியம்மாவைப் பாக்கப் போவான். அவங்க சொல்லுவாங்க. அப்ப இவ மறைச்சான்னு ஆகும்."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் பேசுகிறவர்களோடு வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் இருந்தோம். ஒரு கோடியில் பெஞ்சில் மருமகள். இன்னொரு கோடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் கணவன், வேலை உடுப்போடு. நடுவில் கதவு. கதவுக்கு முன்னால் சின்ன மேஜை, பட்டியல், காவலாளி.

எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "என்ன மேடம்? எதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்று நான் முந்திக்கொண்டேன். "நீங்க ஒரு மாத்திரைகூட அதிகமா குடுக்கலன்னு ருசு ஆயிடுச்சும்மா. கிளினிக்லயே எழுதித் தராங்க. வாங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசலாம்."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஒரு கேள்வி," என்றார் மேடம். "ஆலையிலேர்ந்து ஒரு பொட்டலம் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்," என்றாள். ஒளிக்கவே இல்லை, சந்தோஷமாகவே சொன்னாள். "ஏதோ காஞ்ச பூ. அத்தை ஜோடி அனுப்பினது. வந்த உடனே அதைப் போட்டுக் குடுன்னாங்க. நான் நோட்டை எடுத்துப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே, டாக்டரைக் கேக்காம எந்த மூலிகையும் எடுக்கக் கூடாதுன்னு. அப்படியே கொண்டு போய்க் குப்பையில போட்டுட்டேன். அன்னைக்கு என்னா கத்து கத்தினாங்க தெரியுமா? கையெடுத்துக்கூடக் கும்பிட்டாங்க. நான் அசையவே இல்லையே. உங்க உயிர் எனக்கு முக்கியம் அத்தைன்னுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லாதது அவளுக்கே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் மேடம்? அதுல விஷமா இருந்துச்சு? நான் போட்டது நல்லதுதானே?"

மேடம் அவளை உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பூவிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். பத்து மாதமாக அத்தை ஏன் அதைக் குடித்தார் என்பதையும் சொன்னார். நோட்டில் பாதிதான் எழுதியிருக்கிறது, ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் நிறுத்துவதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எழுத வேண்டாமா, எழுதாதது உங்கள் தப்பு இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னார். மேடம் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவள் அதையெல்லாம் கேட்டாளா என்று தெரியவில்லை.

"அப்ப அன்னைக்கு அதைப் போட்டுக் குடுத்திருந்தா?" என்றாள்.

மேடம் பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். யாருக்கும் நஷ்டமில்லை.

"இருந்திருப்பாங்க," என்றார்.

அந்த நிமிடம் எனக்கு மேடத்தை அடியோடு பிடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி நினைத்ததே இல்லை, அன்று நினைத்தேன். எழுந்து போய் மகனிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரைக் கணக்கு, நோட்டு, காலண்டர், டீ, பொட்டலம். என் வாழ்க்கையில் ஒரு கிண்டல்கூட இல்லாமல் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். மருந்தாளுநரின் கடிதத்தைப் போனில் காட்டினேன். அவன் அதை மேலும் கீழும் நகர்த்திப் படித்தான். விரல் இடுக்கில் கிரீஸ் அப்பியிருந்தது.

"அவளுக்கு இது தெரியாதா?" என்றான்.

"டாக்டருக்கே தெரியாதுப்பா."

அவன் மேஜைக்குப் போய்ப் பேனாவை வாங்கி, பட்டியலில் தன் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினான். பெஞ்சுக்கு வந்து அவள் முன்னால் நின்றான்.

"நானா இருந்தாலும் தூக்கித்தான் போட்டிருப்பேன்," என்றான். "உன்னைப் போய் என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுக்க. பாப்பாவைச் சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன். எழுந்திரு. உள்ள போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"மணியாகுது. நாலு மணிக்கு எடுத்துடுவாங்க. வா."

"நீங்க போங்க."

"பதினோரு நாளா இதுக்குத்தானே அழுத?"

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலையே," என்றாள். "கையைப் பிடிச்சு நான் எதுவும் பண்ணல அத்தைன்னு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப என்னன்னு சொல்லுவேன்? என்கிட்ட கோவப்படக் கூடாதுன்னு குடிச்சிருக்காங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போய் நிக்கறது?"

"நீ தெரிஞ்சு பண்ணலையே."

"நீங்க போங்க. உங்க அம்மா தனியா இருக்காங்க."

அவன் அவள் தோளைத் தொட்டான். கெஞ்சினான். மேடமும் பேசிப் பார்த்தார். இந்த ரம்பமும் பேசிப் பார்த்தது, வாய் வலிக்க. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளேயிருந்து நர்ஸ் வந்து கூப்பிட்டார். மகன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியாக உள்ளே போனான்.

காவலாளி பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார்.

"இங்க இன்னொண்ணு எழுதியிருக்கே, மருமகள்னு. அவங்க வரலையா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார்.

"அவங்க வரல," என்று அவளே சொன்னாள்.

காவலாளி கதவைச் சாத்தினார்.